வெள்ளம் கொண்டுபோன செவ்வாய்க்கிழமை

பெரிய வெள்ளம் வந்து, மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் ரயில் பாதைக்குக் கீழே கிடந்த மண்ணை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், தண்டவாளம் உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கியதே, அந்த வெள்ளம் வடிந்து ஒரு வருஷம் கழித்து வந்த தை மாதம். அந்தத் தண்டவாளத்தில் குரங்குகள் வரிசையாக இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். பாதையைத் திருத்தி ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் அவை சில காலம் அந்த இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது ஒரு புத்தகத்தைப் பற்றி.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் 'எண்டு' என்றால் அவள் 'என்று' போடுகிறாள். போடட்டும், அவள் படித்தவள்.

இரணைமடுக் குளத்துக்குத் தெற்கே எங்கள் பழைய ஊர். கொஞ்சத் தூரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்களின் புதுக் குடியேற்றம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம், ஒரே ஒரு ரீச்சர். அவாவும் யாழ்ப்பாணத்து ஆள். முப்பது வயது இருக்கும். வெள்ளம் பள்ளிக்கூடக் கூரையில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. அதைத் திரும்ப மேய என்னை அனுப்பினவர் அம்மான், என் தாயின் தமையன். எனக்கு அப்போது இருபத்துமூன்றோ நாலோ. தென்னோலைக் கிடுகு மேய்கிறதில் எனக்குக் கை வேகம். மூன்று நாளில் முடிகிற வேலை.

பள்ளிக்கூடத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. உள்ளே போகவில்லை. மேலே ஏறினேன்.

மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிறதுக்கு முன் ரீச்சர் ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியை எடுத்து ஒரு கதையில் கொஞ்சம் வாசிப்பா. அவா தானே எழுதிய கதை. ஆறு வருஷமாக எழுதுகிறா, ஒன்பது கொப்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சுக்கூடக்காரர் சித்திரை விடுமுறைக்குக் கொண்டுவந்து தந்தால் புத்தகமாகப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அதற்கு முன் பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்க்கிறா. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் கூரையில் கயிறு கட்டிக்கொண்டிருக்கக் கீழே இருந்து குரல் வந்தது.

ஒரு ஊரில் வெள்ளம் வந்ததாம். ஆட்டைக் கொண்டுபோனதாம், மாட்டைக் கொண்டுபோனதாம், போகிற போக்கில் ஒரு செவ்வாய்க்கிழமையையும் கொண்டுபோய்விட்டதாம். திங்கட்கிழமை படுத்த சனம் புதன்கிழமை எழும்பியது. செவ்வாய் விரதக்காரர் விரதம் பிடிக்க நாள் இல்லாமல் கொழுத்துப்போனார்கள். செவ்வாய்க்கிழமை பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கு வயது ஏறவே இல்லை, ஏழிலேயே நின்றுவிட்டது. கூடப் பிறந்ததுகள் எல்லாம் வளர, இவளுடைய சட்டை மட்டும் அளவாகவே இருந்தது. அவள் காணாமற்போன கிழமையைத் தேடிக் குளக்கட்டால் இறங்கி நடந்தாள்.

நடக்கிற வழியில் முதலில் வந்தது ஒரு வாய்க்கால். அதற்கு ஒரு வாயும் ஒரு காலும் இருந்தன, கையில்லை. கையில்லாதபடியால் அதற்குச் சாப்பிடத் தெரியாது, குடிக்கத்தான் தெரியும். ஒற்றைக் காலால் கெந்திக் கெந்தி வயல் வயலாகப் போய், குடித்த தண்ணீரைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடும்.

என் கையிலிருந்த கிடுகு அப்படியே நின்றது. நான் பிறந்த நாளிலிருந்து வாய்க்காலில் நிற்கிறவன். மண்வெட்டியால் வெட்டியிருக்கிறேன், மடை கட்டியிருக்கிறேன், அதற்காக அயலவனோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். அதற்குள் ஒரு வாயும் ஒரு காலும் இவ்வளவு நாளும் இருந்ததை ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. இறங்கிப்போய் எங்கள் வாய்க்காலைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. பின்னேரம் போய்ப் பார்த்தும் வந்தேன்.

அடுத்த நாள் ஒரு படிக்கட்டு. அதைக் கண்டால்தான் இருக்கும், கண்ணை மூடினால் இல்லை. அதனால் அந்த ஊரில் 'கண்டபடி ஏறு' என்று பிள்ளைகளுக்குத் தாய்மார் புத்தி சொல்லுவார்களாம். அதற்கு அடுத்த நாள் கதை விடுகிற ஒரு கிழவர், கூண்டுக்குள் கதைகளை அடைத்து வைத்து, காலையில் புறா மாதிரிப் பறக்கவிட்டு, பொழுது படக் கூப்பிட்டு எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறையும். அது யாருடைய வீட்டிலோ பொய்யாகிப் போயிருக்கும். பிறகு பொழுது வந்து, நான் படவேண்டும், ஒரு பாய் தாருங்கள் என்று வீடு வீடாகக் கேட்கும். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சொல்லெல்லாம் நான் தினமும் வாயில் போட்டு மென்றுகொண்டு திரிந்தவைதான். அதுகளுக்கு உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வேலை நீண்டுகொண்டு போனது. கட்டியதை அவிழ்த்து இன்னொருக்கால் கட்டினேன்.

"தம்பி, மூண்டு நாள் வேலையெண்டெல்லோ சொன்னவை. இண்டைக்கு ஆறாம் நாள்" என்று ரீச்சர் கீழே நின்று கேட்டா.

"கிடுகு காயேல்லை ரீச்சர்."

"காயாத கிடுகை ஏன் கூரைக்குக் கொண்டுபோனனீர்?"

"மேலை வெச்சாத்தான் கெதியாக் காயும்."

அவா சிரித்துக்கொண்டு போய்விட்டா. அன்றைக்கு வழமையை விடக் கொஞ்சம் சத்தமாக வாசித்த மாதிரி எனக்குப் பட்டது.

இனித்தான் என் பிழை வருகிறது.

ஏழாம் நாள் கதையில் ஒரு புது ஆள் வந்தார். தலை இருக்கவேண்டிய இடத்தில் அவருக்கு ஒரு கூடை. நினைக்கிறதெல்லாம் வெளியே தெரியும், காற்றடித்தால் யோசனை பறந்துபோகும். ரீச்சர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "இவருக்கு இன்னும் பேர் கிடைக்கேல்லைப் பிள்ளையள். என்ன பேர் வைப்பம்?" என்றா.

"கூடையர்" என்றது ஒன்று. "ஓலைத்தலையர்" என்றது இன்னொன்று. ரீச்சர் தலையை ஆட்டினா, சரியில்லை என்று.

மேலே இருந்து நான் ஒரு பெயரைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

கீழே எல்லாத் தலையும் அண்ணாந்தது. பிறகு பிள்ளைகள் கைதட்டினார்கள். ரீச்சர் முகட்டைப் பார்த்து, "மேலை இருக்கிற மாணவர் சரியாச் சொல்லிப்போட்டார்" என்று எழுதிக்கொண்டா.

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு கேள்விக்கு மறுமொழி சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்தச் சந்தோஷப் புளுகத்தில் அடுத்த நாள் இன்னும் ஆறு பெயர் சொல்லிவிட்டேன். மாட்டுக்கு, நெல் புடைக்கிற சுளகுக்கு, சாக்குக்கு, தண்ணீருக்கு என்று அவா கேட்கக் கேட்கச் சொன்னேன். ஏழும் கொப்பிக்குள் போய் மனிதராகிக் கதைக்கத் தொடங்கிவிட்டன.

அவை எங்கள் களத்துப் பெயர்கள். இது தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். வெட்டிய நெற்கதிரைக் குவித்து, மாடு விட்டு மிதித்து நெல் எடுக்கிற களத்துக்குள் கால் வைத்தால், ஒரு பொருளையும் அதன் வீட்டுப் பெயரால் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் களத்துக்கென்று வேறு பெயர். நெல்லைத் தூக்கிக்கொண்டு போகிற பூதங்கள் களத்தைச் சுற்றி நிற்கும், நாங்கள் எதைச் சொல்லுகிறோம் என்று அதுகளுக்கு விளங்கக்கூடாது. களத்துக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்லவும் கூடாது. குடியேற்றத்து ஆட்களுக்கு இந்த வழக்கம் இல்லை, கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பில்லை. போன வருஷத்து நெல் வெள்ளத்தோடு போய், காட்டுக் கிழங்கும் குரக்கன் தானியமும் தின்று ஒரு வருஷத்தைக் கடத்தியிருந்தோம். இந்த வருஷத்துக் கதிர் மாசி பிறக்க வெட்டிக் குவித்து நின்றது.

அந்தப் பெயர்கள் எதையும் நான் இங்கே சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். மருமகள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

எங்கள் களத்துக்குப் பெரியவர் அம்மான்தான். ஒருநாள் கடையடியால் வண்டிலில் வந்துகொண்டிருந்தவர் மாட்டை இழுத்து நிறுத்தினார். றோட்டோரம் ஒரு குடியேற்றத்துப் பெட்டைப்பிள்ளை தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆடுகிறாள். மற்றதுகள் சுளகும் சாக்குமாகப் பின்னால் போகின்றன, ஒவ்வொன்றும் தன் பெயரைக் கத்திக்கொண்டு.

அம்மான் நேரே என் வீட்டு வளவுக்கு வந்தார்.

"டேய், உந்தப் பள்ளிக்கூடக் கூரையிலை எத்தினை நாள் இருந்தனீ?"

"எட்டு நாள் அம்மான்."

"கூரையை மேய்ஞ்சனியோ, இல்லை மாடு மாதிரி வாயைத் திறந்துகொண்டு மேய்ஞ்சனியோ?"

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். "நட" என்றார்.

பள்ளிக்கூட வாசலுக்கு வெளியிலேயே நின்றார். ரீச்சர் வெளியே வந்தா. அவர் விஷயத்தைச் சொல்ல, அவாவுடைய முகம் மாறியது. அதுவரைக்கும் அவாவுக்கு அந்தப் பெயர்கள் என்னவென்று தெரியாது. நான் சொல்லவில்லை.

"பிள்ளையள் வாயிலை சொன்னது காத்தோடை போகும்" என்றார் அம்மான். "கடதாசியிலை எழுத்தாக் கிடந்தால் ஆரும் எடுத்துப் பாக்கலாம். பூதமும் பாக்கும்."

"பூதம் எந்தப் பள்ளிக்கூடத்திலை ஐயா வாசிக்கப் பழகினது?"

"இந்தப் பள்ளிக்கூடத்திலைதான். ஒரு வருசம் கூரையில்லாமத் திறந்து கிடந்ததெல்லோ."

ரீச்சருக்குச் சிரிப்பு வந்து நின்றது. பிறகு அச்சுக்கூடத்தைப் பற்றிச் சொன்னா. ஆறு வருஷத்தைப் பற்றியும் சொன்னா. பங்குனியோடு தனக்கு இடமாற்றம் வந்திருக்கிறது, இந்தச் சித்திரையை விட்டால் அந்த மனிதர் பிறகு போடமாட்டார் என்றா.

"நான் மறிக்கேல்லைப் பிள்ளை. அது உங்கடை பொருள். ஆனால் எங்கடை பேர் கடதாசியிலை கிடக்குமட்டும் எங்கடை சனம் களத்திலை கால் வையாது. மழைக் குணம் தெரியுது. நனைஞ்சால் கதிர் முளைச்சுப்போம். அவ்வளவுதான்."

போய்விட்டார். ரீச்சர் என்னைப் பார்த்தா. திட்டுவா என்று நின்றேன். "பேரை மாத்திப் பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனா.

இரண்டு நாள் மாற்றிப் பார்த்தா. எனக்கும் வாசித்துக் காட்டினா. அந்தக் கூடைத்தலை ஆள் வாயைத் திறக்கவில்லை. கூடை என்று எழுதினால் கூடையாகவே கிடந்தார். வேறு பெயர் இரண்டு மூன்று வைத்தா. வேஷம் கட்டின ஆள் மாதிரி நின்றார், கதையும் அவரோடு நின்றது.

"அவர் செத்துப்போனார் தம்பி" என்றா. கொப்பியை மூடவில்லை, மடியிலேயே விரித்து வைத்திருந்தா.

மூன்றாம் நாள் பின்னேரம் அம்மான் தானாகவே வந்தார். "கேக்காமல் ஒண்டைப் பிழையெண்டு சொல்லக்கூடாது. வாசி பிள்ளை" என்று பள்ளிக்கூட முற்றத்து மருத மரத்தின் வேரில் குந்தினார். அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் ரீச்சர் முழுவதையும் வாசித்தா, அழித்த பெயர்களைத் திரும்பப் போட்டு. அம்மான் வெற்றிலையை வாய்க்குள் போட்டவர் மெல்கிறதை மறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை போன இடத்தில், "அப்ப கோயில் செவ்வாய்ப் பூசை?" என்று கவலையாகக் கேட்டார். கூடைத்தலையர் ஒருவரோடு கோபித்துக்கொள்கிற இடத்தில் கையைத் தூக்கினார்.

"அவர் அப்பிடிக் கோவிக்கிற ஆள் இல்லைப் பிள்ளை."

"ஏன் ஐயா?"

"நான் அவரோடை நாப்பது வருசம் பழகினனான். வாய் பெரிசு, ஆனால் போட்டதை வெச்சிருக்கமாட்டார். கோவத்தையும் அப்பிடித்தான்."

ரீச்சர் பென்சிலால் அந்த இடத்தை வெட்டித் திருத்தினா. அதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது. முடிவில் அந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடிக்கிறாள். எங்கே, எப்படி என்று நான் சொல்லமாட்டேன். களத்துப் பெயர்க்காரர் ஏழு பேரும் சுற்றி நின்று அதைக் கட்டிப்போட, அவளுக்கு ஒரே நாளில் எட்டு வயதாகிறது, சட்டை இறுக்குகிறது. அம்மான் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, "நல்ல கதை" என்றார். "அதாலைதான் எனக்குப் பயமாக் கிடக்கு. உப்பிடி உயிரோடை அதுகளை ஆரும் கடதாசியிலை நிப்பாட்டினதில்லை. எங்கை போனாலும் அதுகள் கதைக்கும். கடதாசியிலை கிடக்கப்படாது பிள்ளை."

"வாயாலை சொன்னால்?" என்று ரீச்சர் கேட்டா.

அம்மான் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "சொன்ன பிள்ளையளின்ரை வாயை இனி நான் தைக்கேலாது. களம் நடக்கேக்கை சொல்லக்கூடாது. மற்ற நாளிலை இனி நான் மறிக்கேல்லை."

அவர் எழுந்து போன பிறகு ரீச்சர் என் பக்கம் திரும்பினா.

"தம்பி, உமக்கு எவ்வளவு ஞாபகம்?"

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. எழுத்துத் தெரியாதவன் எங்கே வைப்பான். கேட்டதெல்லாம் தலைக்குள்தான் கிடக்கும். "தொடங்கட்டோ?" என்றேன்.

அடுத்த நாள் காலையில் தொடங்கினேன். ரீச்சர் கொப்பியை விரித்து, விரலை வரியில் வைத்துக்கொண்டு வந்தா. நான் வேலியைப் பார்த்தபடி சொன்னேன். அவாவைப் பார்த்தால் பயம் வரும். வெள்ளம் வந்தது, வாய்க்கால் கெந்தியது, பொழுது பாய் கேட்டது. முதலாம் கொப்பி முடிந்தது, இரண்டாம் கொப்பி முடிந்தது. இடையில் ஒருக்கால் தண்ணீர் தந்தா. நாலாம் கொப்பியின் நடுவில் எங்கேயோ, தாள் ஒற்றை புரட்டும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கொப்பி மூடிக் கிடந்தது. அவா கையைக் கன்னத்தில் வைத்து, பிள்ளைகள் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தா.

"எங்கையாவது பிழை விடுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றா. "பிழை விட்டிருந்தால் நான் கொப்பியளை ஐயாவிட்டைக் குடுத்திருக்கமாட்டன். நிப்பாட்டாதையும். அதுக்குப் பிறகு?"

இன்றைக்கும் எனக்கு அந்த இடம் வந்தால் குரல் இறங்கும். ஆறு வருஷம் ஒருத்தி எழுதியது. அதை ஒரு கூரை மேய்கிறவனின் தலைக்குள் இறக்கி வைத்துவிட்டுக் கையை எடுத்தா. நான் கேட்டுப் பெற்றதில்லை. அவ்வளவு பெரிய ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்குத் தரவில்லை.

ஒன்பது கொப்பியையும் அவா தன் கையால் அம்மானிடம் கொடுத்தா. எழுத்தை எரிக்கக்கூடாது, சரஸ்வதி. அம்மான் கண்ணில் ஒற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி, முதல் கதிர்க்கட்டைச் சுமக்கிற மாதிரித் தலையில் சுமந்துபோய், இரணைமடுத் தண்ணீரில் விட்டார். நானும் போனேன். ரீச்சர் வரவில்லை. மை நீலமாகக் கலங்கி, கொஞ்ச நேரம் ஒரு வட்டமாக நின்று, பிறகு தண்ணீரோடு தண்ணீராகப் போனது.

அடுத்த நாள் களத்தில் மாடு இறக்கினோம். மழை இரண்டு நாள் தள்ளி வந்தது. நெல் பொலிந்தது. கொப்பியை விட்டதால்தானா என்று மருமகள் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. சனம் வயிறாரச் சாப்பிட்டது, அது தெரியும்.

பங்குனி முடிய ரீச்சரின் பெட்டியை மாங்குளம் ஸ்ரேசனுக்கு வண்டிலில் ஏற்றிப்போனேன். ரயில் வரப் பிந்தியது. அந்தக் காலத்தில் அது வந்தால்தான் நேரம். அச்சுக்கூடக்காரருக்கு என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டேன். "வெள்ளத்திலை போயிட்டுதெண்டு சொல்லுவன். பொய்யில்லையே" என்றா. பிறகு ரயில் ஏறி, யன்னலால் குனிந்து சொன்னா:

"தம்பி, கூட்டிச் சொல்லும். குறைச்சுச் சொல்லாதையும்."

அவாவை நான் பிறகு காணவில்லை. என் பிள்ளைகளுக்குச் சொன்னேன், அயலுக்குச் சொன்னேன். பிற்காலத்தில் சண்டைக்குப் பயந்து ஓடி ஓடி ஊர் ஊராகக் கிடந்தபோது, காணி உறுதிப் பத்திரமும் படங்களும் எல்லாம் எங்கெங்கோ போக, மர நிழல்களில் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கும் சொன்னேன். அங்கே கதையில் ஒரு ஆளைக் கூட்டினேன். வீடில்லாமல் ஒரு வீட்டுத் திறப்பை, சாவியை, மட்டும் வைத்துக்கொண்டு திரிகிறவர், கண்ட மரத்தை எல்லாம் திறந்து பார்ப்பார். ரீச்சர் கேட்டால் ஒத்துக்கொள்ளுவா என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு இப்போது நடுவில் மூச்சு வாங்குகிறது, ஐந்தாம் கொப்பிக்கு மேல் ஒரே இருப்பில் போக முடியவில்லை. அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாசியில் வராதீர்கள், களம் நடக்கும். மற்ற எந்த மாதமும் வாருங்கள், கொப்பி பென்சில் இல்லாமல். மருமகள் தேத்தண்ணி தருவாள், நான் ஏழு பெயரும் சேர்த்து முழுக்கச் சொல்லுகிறேன். கேட்டுக்கொண்டு போய் ஒரு பிள்ளைக்கு என்றாலும் வாயால் சொல்லிவிடுங்கள்.